கண்டிப்பான விடுதியில் பிள்ளை திருந்துமா?

ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஷிஃப்ட் பார்க்கும் தாய் தகப்பனுக்கு, பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கஞ்சா, சண்டை என்று திரியும் பதினைந்து வயதுப் பையனை என்ன செய்வதென்று தெரிவதில்லை. "கண்டிப்பான விடுதியில போட்டாத்தான் வழிக்கு வருவான்" என்று சொந்தக்காரர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையை வீட்டாரிடமிருந்து பிரித்து, பயமுறுத்தித் திருத்தலாம் என்ற நம்பிக்கை ஏற்கெனவே சோதித்துத் தோற்றுப்போன ஒன்று. அமெரிக்கர்கள் இதற்கென்றே தனியார் பள்ளிகள் நடத்தினார்கள். ஜமைக்காவில்கூட ஒன்று இருந்தது. பல இடங்களில் சொன்னபடி கேட்டுப் புள்ளிகள் சேர்த்தால்தான் வீட்டுக்குப் போன் பேசலாம். பிள்ளை அழுது புகார் சொன்னால் நம்பாதீர்கள், நடிக்கிறான் என்று பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிவைப்பார்கள். என்னைப் பொறுத்தவரை எல்லாக் கொடுமைக்கும் கதவு திறந்தது இந்த ஏற்பாடுதான். 2007இல் அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் ஆயிரக்கணக்கான புகார்கள் இருப்பதைக் கண்டது. பத்துப் பிள்ளைகளின் சாவைத் தனித்தனியே ஆராய்ந்தது. மிரட்டித் திருத்தும் திட்டங்கள் பயன் தருவதில்லை, நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்று அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது. குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு தரும் சிகிச்சைகளில்தான் அக்குழு பலன் கண்டது.

வெளிநாட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்பீர்கள். செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31 அன்று பதினேழு வயதுச் சிறுவன் இறந்தான். அடித்ததாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இல்லங்களைச் சீரமைக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது. சட்டமும் அதிகாரிகளும் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே இப்படியென்றால், பதிவே இல்லாத தனியார் இடத்தில் பிள்ளையின் குரலை யார் கேட்பார்கள்? அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று பழமொழி சொல்பவர்கள், உள்ளே அடங்கிக் கிடந்தவன் வெளியே வந்த ஆறாம் மாதம் எப்படியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும். வீட்டில் வைத்தே திருத்துவதென்றால், பகலிரவாக வேலை பார்க்கும் நாங்கள் எப்படிக் கூடவே இருப்பது என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அந்தச் சுமையைப் பெற்றோர் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது. உதவி கேட்டுப் போக, ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருப்பவருக்கும் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098 இரண்டும் இலவச எண்கள். விடுதியில் தங்கித்தான் தீர வேண்டும் என்று மனநல மருத்துவரே சொன்னால், பதிவுச் சான்றைக் கேளுங்கள். நினைத்த நாளில் பிள்ளையைத் தனியே பார்த்துப் பேச விடுவார்களா என்றும் கேளுங்கள். தயங்கினால், பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுங்கள்.