நோகாத நோயும் நிறுத்தலாகாத மருந்தும்



இறைவன் கண்ணில் குருதி பெருகக் கண்ட கண்ணப்பர், பதறி ஓடிப் பச்சிலை தேடிய மண் இக்காளத்தி. குருதியைக் கண்டால் எவரும் மருந்து தேடி ஓடுவர். ஆனால் இரத்தக் கொதிப்பு அத்தகைய நோயன்று. பெரும்பாலோருக்கு அது வலியும் தருவதில்லை, மயக்கமும் தருவதில்லை. மருந்து இடையில் கைவிடப்படுவதற்கு முதற்காரணம் இதுவே.

நம் காலனிப் பெரியவர் ஒருவர் மூன்று மாதம் மாத்திரை உண்டார். அளந்து பார்த்ததில் அழுத்தம் தணிந்திருந்தது. "குணமாகிவிட்டது, இனி எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். ஓராண்டுக்குள், ஒரு விடியற்காலையில், அவருடைய வலக்கை செயலற்றது, நாவும் குழறியது. அழுத்தம் தணிந்தது மாத்திரையின் பயனால். நோய் நீங்கியதால் அன்று. இதனை அவருக்கு எடுத்துரைக்க நம்முள் ஒருவரும் முன்வரவில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. நீடித்த நோய்க்கு மருந்தை ஒழுங்காக உட்கொள்வோர் வளமிக்க நாடுகளிலும் ஏறத்தாழப் பாதிப் பேரே என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் கூறிற்று. விலை ஒரு தடை; அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் ஜன் ஔஷதி மருந்துக் கடையையும் நாடினால் அச்சுமை குறையும். நாளொன்றுக்குப் பல மாத்திரை உண்பது மற்றொரு தடை. சில மருந்துகளால் வறட்டிருமலோ கால்வீக்கமோ வருவதும் உண்டு. வந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து பெறலாம், தாமே நிறுத்தலாகாது.

நமக்கென்று இன்னொரு தடையும் உளது. மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில். மருத்துவமனைப் பேச்சு தெலுங்கில். பாட்டி அறிந்ததோ தமிழ். கேட்க நாணி, தலையசைத்து வீடு திரும்புகிறார்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டம், இந்நோய்க்குரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. வாசலுக்கு வந்தாலும், வேளை தவறாமல் உண்ணச் செய்வது வீட்டாரின் கடமையன்றோ?

ஆதலின் நம் இளைஞர்களை ஒன்று வேண்டுகிறோம். பெரியோருடன் மருத்துவமனைக்குத் துணை செல்லுங்கள். எந்த மாத்திரை, எந்த வேளை என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, அவர்கள் நாள்தோறும் காணும் நாட்காட்டியின் அருகே ஒட்டுங்கள். ஊர்ப்பயணம் புறப்படுமுன் துணிமணியோடு மாத்திரையையும் எண்ணி வையுங்கள். தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே வாங்கி வாருங்கள். அடுத்த ஆண்டு விழாவிலும் இதே முகங்கள் அனைத்தையும் நலமுடன் காண விழைகிறோம்.