காற்றா, எஃகா?

பின்புறம் நீண்டு, சாமான் ஏற்ற இடம் கொண்ட காரை எஸ்டேட் கார் என்பர். ஐரோப்பாவில் 2004 முதல் 2010 வரை விற்கப்பட்ட பி.எம்.டபிள்யூ ஐந்தாம் வரிசை டூரிங் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் பின்புறத்தை எஃகுச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் தாங்குகின்றன. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி, பழைய மட்டத்திற்கே உயர்த்திவிடும்.

ஆண்டுகள் பல சென்றால் ரப்பர் வெடிப்புற்றுக் கசிகிறது. இரவு நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் பின்புறம் படுத்திருக்கும். கசிவை ஈடுகட்ட ஓயாது ஓடிக் கம்ப்ரஸரும் கெடும். பையை விட்டுக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவோர் இருமுறை செலவழிப்பர்.

சலித்துப்போய்ச் சுருள்வில்லைப் பொருத்துவோர் உண்டு. அதில் கசிய ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனால் விறைப்பான வில், வெறும் வண்டியைக் குலுக்கும். மென்மையான வில், பாரம் ஏறியதும் தாழும். அப்போது முன்விளக்கின் ஒளி மேலெழுந்து, எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும்.

ஆகவே, குடும்பமும் மூட்டைகளுமாக அடிக்கடி நெடுந்தூரம் செல்வோர் காற்றுப் பைகளையே புதுப்பிக்கலாம் என்பது என் கருத்து. தனியே அலுவலகம் சென்று வருபவருக்கு எஃகு போதும். எதுவாயினும், பழுது பார்க்கையில் காற்றை நம்பி வண்டிக்கடியில் புகவேண்டாம். முட்டுக் கொடுத்த பின்னரே புகுக.