நட்சத்திரத்தின் கதிரும் கிரகத்தின் காற்றும்

(கல்வி உதவி வழங்கும் நிகழ்வில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். மேற்கொண்டு எந்தப் பாடம் எடுப்பது என்று பிள்ளைகள் யோசிக்கும் நேரம் இது. அதனால் இன்று அறிவியலில் ஒரு விஷயத்தைப் பேச நினைத்தோம்.

"பூமியைப் போல இன்னொரு கிரகம்" என்று அடிக்கடி செய்தி வருகிறது. அங்கே உயிர் இருக்குமா என்று உடனே கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியது, அங்கே காற்று இருக்கிறதா என்பது. காற்று தங்குமா, போய்விடுமா என்பதில் அந்தக் கிரகத்தின் நட்சத்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நட்சத்திரம் வெளிச்சத்தை மட்டும் தருவதில்லை. புற ஊதாக் கதிர், எக்ஸ்ரே கதிர், மின்னேற்றம் கொண்ட துகள்கள் எல்லாம் அதிலிருந்து பாய்கின்றன. கதிர்கள் மேல்மட்டக் காற்றைச் சூடாக்குகின்றன. சூடான வாயு விரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. துகள்களும் மோதி அதை வாரிக்கொண்டு போகின்றன.

நமக்குப் பக்கத்திலுள்ள செவ்வாயைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் ஓடிய தடம் இருக்கிறது. இன்று அங்குள்ள காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இப்போதும் நொடிக்குச் சுமார் 100 கிராம் வாயு வெளியேறுவதாக நாசாவின் மேவன் விண்கலம் மூலம் 2015-ல் கணக்கிட்டார்கள். சூரியப் புயல் வீசும்போது இது இன்னும் கூடுகிறது.

சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்ற சிறிய சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது. அதை 7 பாறைக் கிரகங்கள் சுற்றுவதாக 2017-ல் அறிவித்தார்கள். அந்த நட்சத்திரம் மங்கலானது, ஆனால் சீற்றம் மிக்கது. கிரகங்களோ அதற்கு மிக நெருக்கத்தில் சுற்றுகின்றன. 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது, முதல் கிரகத்தில் காற்று இருப்பதற்கான அறிகுறி தென்படவில்லை. இரண்டாவதில் அடர்த்தியான கரியமில வாயு மண்டலம் இல்லை என்று தெரிந்தது. மற்றவற்றை ஆராய்ந்து வருகிறார்கள்.

நம் பூமிக்குப் போதிய எடையும் சூரியனிடமிருந்து ஏற்ற தூரமும் இருக்கின்றன. அதன் காந்தப்புலம் துகள்களில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது. நாம் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் அல்ஹம்துலில்லாஹ்.

இந்தச் சூரியனின் கதிர்களையும் துகள்களையும் ஆராயத்தான் இஸ்ரோ ஆதித்யா-எல்1 விண்கலத்தை 2023 செப்டம்பர் 2-ல் ஏவியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அது வேலை செய்கிறது. ஏவியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் நிகர் ஷாஜி. செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஊர்ப் பள்ளியில் தமிழ்வழியில் தொடங்கி, நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

"பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டாவது போதும்" என்று சொல்லும் வீடுகள் நம் பகுதியில் இன்னும் இருக்கின்றன. அந்தத் தகப்பனார்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: மகள் அறிவியல் படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். கட்டணம்தான் கவலை என்றால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து வழி பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.