ஆணி அறையாச் சுவர்

ஒரு வீட்டுக்கு முதன்முறை வரும் விருந்தினர் கதிரையில் அமர்ந்ததும் நோக்குவது எதிர்ச் சுவரையேயாகும். அங்கே தொங்கும் படங்களைக் கொண்டே அவ்வீட்டின் மூத்தோர் யாவர், பிள்ளைகள் எத்தனை பேர், பட்டம் பெற்றவர் எவர், கடல் கடந்து சென்றவர் எவர் என்பனவற்றை ஒருவரையும் வினவாமலே அவர் அறிந்துகொள்கிறார். சொந்த வீட்டில் வாழ்வோர்க்கு இப்படங்களை மாட்டுதல் பெரிய காரியமன்று. ஆணியும் சுத்தியலும் இருந்தாற் போதும். வாடகை வீட்டில் வாழ்வோர் நிலைமையோ வேறு. சுவரில் ஆணி அறைதலாகாது, துளையிடுதலாகாது என்பது வீட்டுக்காரர் முதல்நாளே விதிக்கும் நிபந்தனை. மீறினால் முற்பணத்தில் அதற்கான தொகை குறையும். அவரைக் குறைகூறுதலும் முறையன்று. சீமெந்துச் சாந்து பூசிய சுவரில் ஆணியை அறையும்போது, ஆணி நுழையும் துளையைக் காட்டிலும் அதனைச் சுற்றி உதிரும் சாந்து பெரிது. குடியிருந்தோர் ஐவர் மாறின், சுவர் அம்மைத் தழும்பேறிய முகம்போல் ஆகிவிடும்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்த குடும்பமொன்றில் நிகழ்ந்ததை இங்கே சொல்லுதல் பொருந்தும். அக்குடும்பத்துத் தாயார், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது கைக்குக் கிட்டியவற்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்டவர். இறந்துபோன கணவரின் படத்தைச் சட்டத்தினின்றும் கழற்றி, ஒரு சேலை மடிப்பினுள் வைத்து எடுத்துச் சென்றார். வீட்டிலிருந்த ஏனைய படங்களுள் ஒன்றேனும் பின்னர் கிடைக்கவில்லை. வெள்ளவத்தைக்கு வந்தபின் மகன் அப்படத்துக்குப் புதுச் சட்டமும் கண்ணாடியும் இடுவித்து, ஆணி அறைய இயலாமையால், இருபுறமும் பசையுள்ள நாடாவினால் சுவரில் ஒட்டினான். தாயார் நாள்தோறும் மாலை சூட்டி, அடியில் விளக்கேற்றி வந்தார். மூன்றாம் மாதம், மழை பெய்த ஓர் இரவில், படம் விழுந்து கண்ணாடி நொறுங்கிற்று. உடைந்த சில்லொன்று படத்தின் ஓரத்தைக் கீறிவிட்டது.

"அப்பாவுக்கு இந்த வீடு பிடிக்கேல்லைப் போலை, தம்பி" என்று மட்டுமே தாயார் சொன்னார். அன்று முழுவதும் அவர் உணவு கொள்ளவில்லை.

படம் விழுதலை அபசகுனமாகக் கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே பழமையானது. அதனை எள்ளி நகையாடுவதால் பயனில்லை. ஆனால், அப்படம் விழுந்தமைக்குக் காரணங்கள் சுவரிலும் நாடாவிலும் விளக்கிலும் இருந்தன. அவற்றை முன்னரே அறிந்திருந்தால் தாயாரின் அன்றைய துயரம் நேர்ந்திராது.

முதலில் அறிய வேண்டியது சுவரின் இயல்பு. கறுப்புத் துணியொன்றை எடுத்துச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பார்க்க. துணியில் வெண்பொடி படியுமாயின், அது சுண்ணாம்பு அடித்த சுவர், அல்லது வர்ணம் பழுதடைந்த சுவர். அத்தகைய சுவரில் எத்துணை விலையுயர்ந்த பசையும் நில்லாது. பசை பற்றுவது பொடியை. பொடியோ சுவரைப் பற்றுவதில்லை. செங்கல் தெரியும் சுவரும், மணற்பரப்புப்போற் சொரசொரப்பான சுவரும் பசைக்கு ஏலாதன. வழுவழுப்பான வர்ணம் பூசிய சுவர், தளவோடு பதித்த சுவர், வார்னிஷ் பூசிய மரப்பலகை ஆகியன ஏற்றவை. புதிதாக வர்ணம் பூசிய சுவராயின் ஒரு வாரமேனும் பொறுத்தல் வேண்டும்.

அடுத்தது படத்தின் நிறை. சட்டமிட்ட படத்தில் நிறையின் பெரும்பங்கு பலவேளைகளிற் கண்ணாடியினுடையதே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடி, ஒரு சதுர மீற்றருக்கு ஐந்து கிலோகிராம் நிறையுடையது. முப்பது சென்ரிமீற்றர் அகலமும் நாற்பது சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட படத்தின் கண்ணாடி மட்டும் 600 கிராம் ஆகும். மரச்சட்டமும் பின்பலகையும் சேர ஒரு கிலோகிராமைத் தாண்டுதல் எளிது. கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு இடுவித்தால் அந்நிறை பாதிக்கும் குறையும். விழுந்தாலும் சில்லாக உடைந்து படத்தைக் கீறாது. மாவு நிறுக்கும் சமையலறைத் தராசிலேயே படத்தை வைத்து நிறுத்துப் பார்க்கலாம். நிறுக்காமல் ஒட்டுவது அளக்காமல் சட்டை தைப்பதை ஒக்கும்.

இனிப் பசையைப் பற்றி. சாதாரண இருபக்க நாடா படத்துக்கு உரியதன்று. அது விழுந்தாலும் தீங்கு, விழாவிட்டாலும் தீங்கு. கழற்றும்போது வர்ணத்தை உரித்துக்கொண்டே வரும். இக்காலத்தில் படங்களுக்கென்றே செய்யப்பட்ட பசைப்பட்டிகள் கடைகளிற் கிடைக்கின்றன. ஒரு பட்டி சட்டத்திலும் அதன் இணை சுவரிலும் ஒட்ட, இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். எத்தனை இணை எவ்வளவு நிறையைத் தாங்கும் என்பது உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அங்கே குறித்த அளவுக்கு நெருங்கி நிற்காமல், பாதியளவோடு அமைவதே இத்தீவின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பாதுகாப்பு. ஒட்டுமிடத்தை மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். சவர்க்கார நீர் வழுவழுப்பை விட்டுச் செல்லுமாதலால் அதனைத் தவிர்க்க. ஒட்டியபின் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, படத்தைக் கழற்றிவிட்டு, ஒரு மணி நேரங்கழித்தே மீண்டும் ஏற்ற வேண்டும். பொறுமையற்றோர் தவறுவது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்திலேயே.

கழற்றுவதிலும் ஒரு முறை உண்டு. பட்டியின் வாலைத் தன்பக்கமாக இழுத்தலாகாது. சுவரோடு ஒட்டியவாறே, நேர் கீழ்நோக்கி மெல்ல இழுத்தால், பட்டி றப்பர்போல் நீண்டு தானாகவே விடுபடும். சுவரில் வடு இராது.

சுண்ணாம்புச் சுவருள்ள வீட்டார் யாது செய்வது? யாழ்ப்பாணத்துப் பழைய ஓட்டு வீடுகளிற் கூரையின் தீராந்தி வெளியே தெரியும். அதிற் கயிற்றைச் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டால் சுவரைத் தொடவேண்டிய தேவையே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து வீடுகளிலும் சுவரின் மேற்பகுதியில் நீண்ட மரச்சட்டமொன்றைப் பதித்து, அதிற் கொளுக்கியிட்டுப் படங்களைத் தொங்கவிட்டனர். படம் இடம் மாறினாலும் சுவர் மாசுபடுவதில்லை. நகரத்து வீடுகளில் மேற்கூரை மறைந்திருப்பினும், யன்னற் கம்பியும் கதவுக்கு மேலுள்ள காற்றுச் சாளரத்தின் கம்பியும் இத்தொழிலுக்கு உதவும். கடற்கரையை அண்டிய வீடுகளில் இரும்புக் கம்பி விரைவில் துருவேறி அறும். பித்தளைக் கம்பியோ மீன்பிடிக்கும் தங்கூசியோ நன்று. தங்கூசியின் முடிச்சு நழுவும் இயல்புடையதாகலின் இரட்டிப்பாக முடிதல் வேண்டும். படத்தின் பின்னே கயிற்றைத் தட்டையாக இழுத்துக் கட்டுதலும் பிழையாகும். இரு பக்கமும் நேர்நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் ஒவ்வொரு பக்கமும் பாதி நிறையையே தாங்கும். கிடைமட்டத்தோடு 30 பாகை அளவிற் சாய்ந்து நின்றாலோ ஒவ்வொரு பக்கமும் முழு நிறையையும் தாங்க வேண்டியதாகும். பழைய படங்களின் கயிறு அறுந்ததற்குக் கயிற்றின் முதுமை மட்டும் காரணமன்று.

இத்தீவின் ஈரக்காற்று படங்களுக்குப் பகை என்பதும் புதிய செய்தியன்று. புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து வாழ்ந்தார். 1879இல் இங்கேயே காலமானார். களுத்துறையில் அவரது வீட்டுக்குச் சென்ற ஓவியர் மரியான் நோர்த், சுவரெங்கும் நிழற்படங்கள் நிறைந்திருந்ததையும், மிகுந்தவை மேசையிலும் கதிரையிலும் தரையிலும் ஈரங்கண்ட நூல்களோடு கிடந்ததையும் எழுதி வைத்துள்ளார். கலையரசிக்கே இந்நிலை எனில் ஏனையோர் என் செய்வர்! எனினும் சில காவல்கள் உண்டு. வெளிச்சுவரின் உட்புறத்தில் மழைக்காலத்தில் ஈரம் கசியும்; அங்கே படம் வேண்டாம். சட்டத்தின் பின் நான்கு மூலைகளிலும் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று உலவும். படம் கண்ணாடியைத் தொடாதவாறு நடுவே மட்டைச் சட்டம் இடுதல் அவசியம். தொட்டால், ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பின் பிரிக்க முயன்றால் முகமே கண்ணாடியோடு போய்விடும்.

வெள்ளவத்தைக் குடும்பத்தின் படத்துக்கு நேர்ந்தது இவையனைத்தினதும் சேர்க்கை. சுவரின் வர்ணம் பொடிந்திருந்தது. நாடா தவறானது. ஈரப் பூமாலையின் நிறை நாள்தோறும் கூடிற்று. விளக்கின் வெம்மை பசையை இளக்கிற்று. மாலையும் விளக்கும் பெறும் படத்தைப் பசையில் தொங்கவிடுதல் ஒருபோதும் தகாது. தீயின் அபாயமும் அதிலுண்டு. அத்தகைய படம் நிற்க வேண்டுமேயன்றித் தொங்கலாகாது. மேசைமீதோ அலுமாரிமீதோ சுவரிற் சாய்த்து, அடிச்சட்டத்தின்கீழ் வழுக்காதிருக்க றப்பர்த் துண்டு வைத்து, விளக்கைச் சற்று முன்னே தள்ளி வைத்தால் போதுமானது.

அம்மகன் பின்னர் செய்தவை பாராட்டத்தக்கன. கீறலுற்ற மூலப்படத்தை நிழற்பட நிலையமொன்றுக்குக் கொண்டுசென்று, கணினியிற் பதிவுசெய்து, கீறலை நீக்கி, இரண்டு பிரதிகள் எடுப்பித்தான். மூலப்படத்தைக் கடதாசியிற் பொதிந்து, வெளிச்சமும் இராமபாணப் பூச்சியும் அணுகாத பெட்டியில் வைத்தான். சுவருக்குரியது பிரதியே, மூலத்தை வெயிலுக்கும் விபத்துக்கும் கொடுத்தல் அறிவுடைமையன்று. இதனை ஒவ்வொரு குடும்பமும் இன்றே செய்துகொள்ளலாம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, பெற்றோரின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் எஞ்சாத பிள்ளைகள் பலர் ஆயினர்.

அடுத்து, தச்சரிடம் சொல்லி, ஐந்தடி உயரத்தில் ஏணிபோன்ற மரத்தாங்கி ஒன்று செய்வித்தான். அடியில் அகன்ற பலகை, மேலே குறுக்காக மூன்று சட்டங்கள், ஒவ்வொன்றிலும் கொளுக்கிகள். சரியாமலிருக்க, உச்சியிற் கயிறு கட்டி யன்னற் கம்பியோடு பிணைத்தான். ஆணிகளெல்லாம் அத்தாங்கியிலேயே; சுவரில் ஒன்றுமில்லை. அகன்ற பலகையில் தந்தையாரின் படம் நின்றது; மேலே பேரப்பிள்ளைகளின் படங்கள் தொங்கின. தளவோடு பதித்த சமையலறைச் சுவரில் மட்டும் இலேசான இரு படங்களைப் பசைப்பட்டியால் ஒட்டினான்.

இரண்டாண்டுகளின் பின் அவர்கள் வீடு மாறினார்கள். வீட்டுக்காரர் அறையறையாகச் சென்று, சுவரைக் கையாற் தடவிப் பார்த்து, முற்பணத்தை ஒரு சதமும் குறையாது திருப்பிக் கொடுத்தார். தாங்கியும் கதிரைகளும் லொறியில் ஏறின. மூலப்படம் இருந்த பெட்டியை வாங்குதற்கு மகன் கைநீட்டினான்.

"அது என்னட்டை இருக்கட்டும், தம்பி" என்று சொல்லித் தாயார் அதனை மடியில் வைத்துக்கொண்டு முன்னாசனத்தில் அமர்ந்தார்.