நித்திரைக் குளிசையும் ஞாபக மறதியும்

(எமது சங்கத்தின் பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை, புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



என்னைக் கதைக்கச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் டொக்டர் அல்ல. ஊரில் ஒரு மருந்துக் கடையில் நின்றவன். லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டே திரும்பவும் படித்து, பாமசிஸ்ட் ஆகி, இருபது வருடம் ஆகிவிட்டது.

எங்கடை ஆக்கள் கடைக்கு வந்தால் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, "தம்பி, நித்திரைக்கு ஏதும் தாருமன்." மற்றது, "தம்பி, இப்ப சரியான மறதி. ஞாபகத்துக்கு நல்ல விற்றமின் இருக்கோ?" இரண்டையும் கேட்பது அநேகமாக ஒரே ஆள்தான். அந்த நித்திரைக்கும் இந்த மறதிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும் சின்னவிரல் அளவில் ஒரு பகுதி உண்டு. கடற்குதிரை போல வளைந்திருப்பதால் அதற்கு ஹிப்போகம்பஸ் என்று பெயர் வைத்தார்கள். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பை நிற்பாட்டுவதற்காக அந்தப் பகுதியை இரு பக்கமும் வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை, அதாவது 55 வருடம், அவருக்குப் புதிதாக நடந்தது எதுவும் மனதில் தங்கவில்லை என்றே சொல்லலாம். சிறுவயதுக் கதை சொல்லுவார். காலையில் கதைத்த ஆளை மத்தியானம் அடையாளம் தெரியாது. பழைய ஞாபகம் இருக்கும் இடம் வேறு, புதியதைப் பதியும் இடம் வேறு என்று உலகம் அறிந்தது இவரால்தான்.

இனிக் குளிசைக்கு வருவோம். நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று இரசாயனங்களால்தான் கதைக்கின்றன. குளூட்டமேற் என்பது "எழும்பு" என்று சொல்லும். காபா என்பது "அடங்கு" என்று சொல்லும். டயசிபாம், ரெமசிபாம், லோரசிபாம், இவற்றுக்கு ஒன்றுவிட்ட தம்பியான சொப்பிக்குளோன், எல்லாம் அந்தக் காபாவின் குரலைப் பலப்படுத்துகிற மருந்துகள். பயம் அடங்கும், நித்திரை வரும். கூடவே கடற்குதிரையும் அடங்கிப் போகும். ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போது போடும் ஊசி இதே இனம்தான். "எப்ப டொக்டர் தொடங்குவியள்?" என்று கேட்பார்கள், எல்லாம் முடிந்து அரை மணித்தியாலம் ஆகியிருக்கும்!

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இரவு குளிசை போட்ட பிறகு கனடாவிலிருக்கும் மகளோடு ரெலிபோனில் கதைப்பா. விடிய எழும்பி, "பிள்ளை ஒரு மாதமாய் எடுக்கேல்லை" என்று அழுவா. மகளுக்கும் கோபம், தாய்க்கும் கோபம். அந்த அம்மா மறக்கவில்லை, பாருங்கோ. அவவின் மூளையில் அது எழுதப்படவேயில்லை.

இந்தக் குளிசைகளை இரண்டு தொடக்கம் நான்கு கிழமைக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று இந்த நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988இலேயே சொல்லிவிட்டது. எங்களில் சிலர் பத்து வருடமாய்ப் போடுகிறோம். இதைக் கேட்டுவிட்டு இன்றிரவே நிற்பாட்டிப் போடாதேயுங்கோ! நீண்டகாலம் போட்டவர் சடுதியாக விட்டால் வலிப்பே வரலாம். நியூகாசிலில் ஹெதர் அஷ்ரன் என்ற பேராசிரியை 1982 தொடக்கம் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில், ஆளுக்கு ஏற்ற வேகத்தில் குறைப்பதுதான் அவர் காட்டிய வழி. அதை உங்கள் டொக்டரோடு சேர்ந்துதான் செய்யவேண்டும்.

குளிசையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. யோசனையும் ஒரு இரசாயனம்தான். பயம் வந்தால் சிறுநீரகத்துக்கு மேலேயுள்ள சுரப்பி கோட்டிசோலைச் சுரக்கும். ஷெல் வரும்போது ஓடுவதற்கு அது வேண்டும். ஓடி வந்து இத்தனை வருடமாகியும் அது அடங்காவிட்டால்தான் கரைச்சல். நியூயோர்க்கில் புரூஸ் மக்யுவன் குழுவினர் எலிகளை ஒவ்வொரு நாளும் ஆறு மணித்தியாலம் அசையவிடாமல் வைத்தார்கள். 21 நாளில் ஹிப்போகம்பசிலுள்ள நரம்புக் கலங்களின் கிளைகள் குறுகிப் போயிருந்தன. 1992இல் வெளிவந்த ஆய்வு இது. நெருக்குதல் நின்றபின் அந்தக் கிளைகள் திரும்பத் தழைத்ததையும் பின்னர் கண்டார்கள். எலிக்கு 21 நாள். விசாவுக்குக் காத்திருந்த எங்களுக்கு எத்தனை வருடம்?

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு என் மச்சானுக்கு அகதி விசாரணை. அவனுடைய தம்பியை 1996இல் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. முதல் விசாரணையில் அது ஆவணி என்றான். அடுத்ததில் ஐப்பசி என்றான். எங்கடை சனம் நல்லூர்த் தேருக்கு முந்தியோ பிந்தியோ என்றுதானே கணக்கு வைக்கும். றோட்டில் விழுந்து கிடந்த சைக்கிளை மட்டும் இரண்டு தரமும் ஒரே மாதிரிச் சொன்னான். நம்பமுடியாது என்று கடிதம் வந்தது. நானும் அவனைப் பேசினேன், "ஏனடா மாறிச் சொன்னனீ?" என்று. இரண்டாவது விசாரணைக்கு முதல் நாள், நித்திரை கொள்ளட்டும் என்று என்னிடமிருந்த லோரசிபாமைக் கொடுத்தது நான்தான். விடியவும் தலை மந்தமாய்த்தான் போனான்.

2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு ஆய்வு வந்தது. ஏற்கனவே இங்கு வசிக்க அனுமதி பெற்ற 39 கொசோவோ, பொஸ்னிய அகதிகளை இரண்டு தரம் விசாரித்தார்கள். பொய் சொல்ல அவர்களுக்குத் தேவையில்லை. அப்படியிருந்தும் இரண்டு தரமும் சொன்னது பல இடங்களில் வேறுபட்டது. முக்கியமான விஷயத்தைவிடச் சில்லறை விபரங்கள்தான் கூடுதலாக மாறின. மனவடு கடுமையாக உள்ளவர்களுக்கு, இரு விசாரணைகளுக்கும் இடைவெளி கூடக்கூட வித்தியாசமும் கூடியது. அதை வாசித்த அன்று மச்சானிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடு அத்தான், எனக்கே என்னிலை நம்பிக்கை இல்லாமல் போச்சுது" என்றான். மேன்முறையீட்டில் பிறகு வென்றான், அது வேறு கதை.

இன்னும் இரண்டு விஷயம். தடிமனுக்கும் கடிக்கும் போடுகிற பிரிற்றனை நித்திரைக்காகப் போடுபவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். அது அசெற்றில்கோலின் என்ற, ஞாபகத்துக்கு மிகவும் தேவையான இரசாயனத்தைத் தடுக்கும். வயது போனவர்களுக்குத் தலையைக் குழப்பிவிடும். மற்றது, சாப்பிடாமல் குடிக்கிற தம்பிமார். மதுவால் விற்றமின் பி1 குறைந்து, நடை தள்ளாடி, கண் சரியாக அசையாமல், ஆள் குழம்பினால், "வெறிதானே, படுத்தால் சரி" என்று விடாதேயுங்கோ. உடனே அம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். அந்த விற்றமினை ஊசியில் ஏற்றாவிட்டால் போன ஞாபகம் திரும்பாமலே போகலாம்.

எலியின் கிளை தழைத்த கதையைத்தான் நான் கடையில் திரும்பத் திரும்பச் சொல்லுகிறேன். அந்த அம்மா ஒன்பது மாதம் எடுத்துக் குளிசையைக் குறைத்தா. முதல் மாதம் என்னைத் திட்டாத நாளில்லை. இப்போது மகள் நேற்று என்ன கறி வைத்தாள் என்பதுவரை எனக்குச் சொல்லுகிறா.

வீட்டிலிருக்கும் குளிசை எல்லாவற்றையும், ஊரிலிருந்து வந்தது, பக்கத்து வீட்டார் தந்தது உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கோ. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும்போது பின் அறையில் இருப்பேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.