கலப்பு நூல் துணியில் இழைமணி

யாழ்ப்பாணத்துப் பாடசாலை மாணவன் ஒருவனின் வெள்ளைச் சீருடையைக் கையிலெடுத்துச் சற்றே உற்று நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். வாங்கிச் சில மாதங்களே ஆன உடை அது. எங்கும் கிழியவில்லை, இற்றுப்போகவும் இல்லை. எனினும் கழுத்துப்பட்டி மடியும் இடத்திலும், புத்தகப்பையின் வார் தோளில் உராயும் இடத்திலும், துவிச்சக்கர வண்டியின் ஆசனம் படும் இடத்திலும் கடுகினும் சிறிய உருண்டைகள் செறிந்து கிடக்கும். வலிகாமத்துச் செம்மண் புழுதி அவற்றிற் படிந்து, வெளுத்த துணியையும் அழுக்குத் துணியாகக் காட்டும். தாய் எத்துணை முறை தோய்த்தாலும் அவை அகல்வதில்லை. இறுதியில், “இந்தத் துணி கூடாது” என்ற தீர்ப்பு வழங்கப்படுகின்றது. அத்தீர்ப்பினால் துணியை நெய்தவன் பெயர் கெடுகின்றது.

ஆலைத் தொழிலாளர் இக்குறையைப் பில்லிங் என்பர். இழைகள் மணியாகத் திரள்வதால் இதனை இழைமணி எனலாம். இக்குறை தோன்றுவது ஏன்? இதனைத் தடுக்க வல்லவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போர் முதலில் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். இழைமணி, துணியின் பலவீனத்தால் விளைவதன்று. அதில் கலந்துள்ள ஓர் இழையின் மிகையான வலிமையால் விளைவது.

1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விண்ஃபீல்ட், டிக்சன் என்னும் இரசாயன அறிஞர் இருவர் பொலியெஸ்ரர் இழையைக் கண்டனர். அது சுருங்காது, விரைவில் உலரும், நெடுநாள் உழைக்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பருத்தியோ வியர்வையை உறிஞ்சும். ஆனால் எளிதிற் கசங்கும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவுசெய்யுமாறு இரண்டையும் கலந்து நூற்றனர். பொலியெஸ்ரர் 65 பங்கும் பருத்தி 35 பங்கும் சேர்ந்த நூல் உலகெங்கும் பரவியது. நன்மை பரவியபோது இழைமணியும் உடன் பரவியது.

இம்மணி திரளும் முறையை 1959இல் ஜின்டிஸ், மீட் என்னும் ஆய்வாளர் இருவர் மூன்று படிகளாக விளக்கினர். துணி உராயும்போது நூலில் இறுகப் பிணையாத இழைகளின் நுனிகள் வெளியே இழுபட்டுப் பிசிராக நிற்கும். இது முதற்படி. மேலும் உராயவே அப்பிசிர்கள் ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகும். இது இரண்டாம் படி. உருண்டையைத் துணியோடு பிணைத்திருக்கும் சில இழைகள் தேய்ந்து அறுபட, உருண்டை உதிரும். இது மூன்றாம் படி. தனிப் பருத்தித் துணியிலும் மணிகள் திரள்வதுண்டு. ஆனால் பருத்தியிழை விரைவில் அறுவதால் அவை வந்த வழியே போய்விடுகின்றன. பொலியெஸ்ரர் இழையோ எத்தனை முறை மடங்கினும் எளிதில் முறியாது. ஆகவே மூன்றாம் படி நெடுநாள் தாமதிக்கின்றது; மணிகள் துணியிலேயே தங்குகின்றன.

குடாநாட்டு நெசவாளருக்கு இது சிறு குறையன்று. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் இங்கே கைத்தறிகளும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் செழித்திருந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் பிறநாட்டுத் துணிகள் மலிந்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் நெசவாளரையும் தறிகளையும் சிதறடித்தது. மீண்டும் தறியில் அமர்வோர் ஆலைத் துணியை விலையால் வெல்லுதல் அரிது. தரத்தால் வெல்லுதல் கூடும். அத்தரத்தை முதல் மாதங்களிலேயே ஐயத்துக்குள்ளாக்கும் குறையைத் தறிக்கு முன்னரே தடுத்தல் வேண்டும்.

தடுப்பு முறையின் முதலிடம் நூல் கொள்வனவாகும். நுனிகள் குறைந்தால் பிசிர் குறையும். பிசிர் குறைந்தால் மணி குறையும். நீண்ட இழைகளால் நூற்ற நூலில் நுனிகள் குறைவு. சீவிப் பண்படுத்திய பருத்தியில் குற்றிழைகள் நீக்கப்பட்டிருத்தலால் அது நன்று. பொலியெஸ்ரரில் மிக மெல்லிய இழையிலும் சற்றே தடித்த இழை நன்று. மெல்லியது எளிதில் வளைந்து சிக்கிக்கொள்ளும். இக்குறையைக் கருதியே, வேண்டுமென்று வலிமை குறைத்துச் செய்யப்பட்ட பொலியெஸ்ரரும் உண்டு. அதில் மணி திரண்டாலும் விரைவில் உதிர்ந்துவிடும்.

அடுத்தது முறுக்கு. முறுக்குக் கூடிய நூல் தன் இழைகளை இறுகப் பிடிக்கும். அதிலும், ஒற்றை நூலைவிட இரண்டு நூல்களைச் சேர்த்து முறுக்கிய இருபுரி நூல் சிறந்தது. ஒரு புரியின் நுனிகளை மறுபுரி அணைத்துக்கொள்ளும். இலங்கைக் கைத்தறியில் நெடுங்காலமாக வழங்கிவரும் 2/40, 2/60 என்ற இருபுரிப் பருத்தி நூல்களின் ஒழுங்கைக் கலப்பு நூலிலும் கைவிடாதிருத்தல் அறிவுடைமை. ஆயினும் அளவு வேண்டும். முறுக்கு மிகுந்தால் துணி முரடாகும். யாழ்ப்பாணத்து வெயிலில் முரட்டுத் துணியை எவர் விரும்புவர்?

நூலைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டுவதில்லை. வெள்ளை நூலை ஒரு கருநிற அட்டையில் நெருக்கமின்றிச் சுற்றி வெளிச்சத்திற் பிடித்தால் அதன் பிசிர் தெளிவாகத் தெரியும். இரண்டு ஆலைகளின் நூல்களை அருகருகே சுற்றி ஒப்பிட்டபின் விலை பேசலாம்.

இரண்டாம் இடம் தறி. பாவிலும் ஊடையிலும் நூல்கள் நெருங்கி நின்றால் இழைகள் நகர இடமிராது. நூல்கள் அடிக்கடி ஒன்றையொன்று கடக்கும் எளிய நெசவில் மணி குறைவு; நூல் நெடுந்தூரம் மேலே மிதந்து செல்லும் நெசவில் அது மிகுதி. ஆகவே உராய்வு மிகுந்த சீருடைக்கும் சட்டைக்கும் எளிய நெசவே ஏற்றது. மிதக்கும் நெசவை உராய்வு குறைந்த அலங்காரத் துணிக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கும் காற்றுப் புகாத அளவுக்கு நெருக்குதல் தகாது.

மூன்றாம் இடம் நெய்தபின் செய்யும் பண்படுத்தல். துணியை எரிவாயுச் சுவாலையின்மேல் மிக விரைவாக ஓட்டிப் பிசிரைப் பொசுக்குதல் பழைய முறை. கலப்புத் துணியில் இதற்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பொசுங்கும் பொலியெஸ்ரர் நுனிகள் உருகிச் சிறு குமிழ்களாகும். பின்னர்ச் சாயமிட்டால் அக்குமிழ்கள் கருமையாகத் தெரியக்கூடும். ஆதலால் சாயமிடும் துணியைச் சாயமிட்ட பின்னரே பொசுக்குவதுண்டு. இது தனி நெசவாளர் வீட்டுத் தீயில் முயலும் வேலையன்று. துணியும் கெடும், கையும் சுடும். பல தறிகள் சேர்ந்து பொதுவிற் பயன்படுத்தும் பண்படுத்தல் நிலையமே இதற்கு உரிய இடம். பருத்தியின் நுனிகளைக் கரைக்கும் செலுலேஸ் என்னும் நொதியத்தில் துணியை நனைத்தெடுக்கும் முறையும் உண்டு. அது பொலியெஸ்ரரைத் தீண்டாது. அளவு மிஞ்சினால் பருத்தியின் வலிமையையும் குறைக்கும். கடையில் தொட்டவுடன் துணி வழுவழுப்பாக இருத்தல் வேண்டுமென மென்மையூட்டும் பொருளை மிகுதியாகச் சேர்ப்பதும் தவறு. வழுக்கும் இழை எளிதில் வெளியே நழுவும். விற்பனைக்கு உதவிய மென்மை பின்னர் மணிக்கு வித்தாகும்.

இவ்வளவும் பயன் தந்தனவா என்பதைச் சோதனை காட்டும். ஆய்வுகூடங்களில், துணித் துண்டுகளைச் சிறு குழாய்களிற் பொருத்தி, உட்புறம் தக்கை ஒட்டிய பெட்டியில் இட்டு, நிமிடத்துக்கு 60 சுற்று வீதம் பல மணிநேரம் உருட்டுவர். பின்னர் 5 முதல் 1 வரை தரமிடுவர். 5 மாற்றமற்றது, 1 மணிகள் மிகச் செறிந்தது. இவ்வசதி இல்லாத நெசவாளர் புதிய நூல் வந்தவுடன் ஒரு முழத் துணி மட்டும் நெய்து, பலமுறை தோய்த்து, உரசிப் பார்த்தபின் முழுப் பாவையும் ஏற்றலாம்.

எஞ்சிய பொறுப்பு வீட்டில் உள்ளது. குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையின் நீரால் நிறைவன. அவ்வன்னீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. வெண்படிவாகத் துணியில் ஒட்டும். அழுக்குப் போகவில்லையென்று தும்புத் தூரிகையால் தேய்ப்பர், கல்லில் அடிப்பர். அவ்வுராய்வே பிசிரை எழுப்புகின்றது. வன்னீரிலும் வேலை செய்யும் சலவைத் தூளைக் கரைத்து, துணியை உட்புறம் வெளியாக்கிச் சற்று நேரம் ஊறவிட்டு, மெல்ல அலசுதல் நலம். முன்னோர் போட்ட கஞ்சியும் பிசிரைப் படியவைத்தது. அடுத்த சலவை வரை அது காக்கும். மணி திரண்டுவிட்டால் கையாற் பிடுங்குதல் ஆகாது. ஒரு மணியைப் பிடுங்கினால் அதனோடு பிணைந்த புதிய இழைகளும் வெளியே வரும். துணியைச் சமதரையில் விரித்துக் கத்தரிகோலால் அல்லது அதற்குரிய சிறு கருவியால் நறுக்குதலே முறை.

எனினும் வீட்டார் செய்யக்கூடியது தாமதப்படுத்தலேயன்றித் தடுத்தலன்று. துணியின் பிற்காலத்தில் பெரும்பகுதி நூற்கட்டு வாங்கும் நாளிலேயே தீர்ந்துவிடுகின்றது. இருபுரி நூலுக்கும் சீவிய பருத்திக்கும் விலை அதிகம் என்பது உண்மை. அந்த அதிக விலை கொள்வனவுக் கணக்கில் உடனே எழுதப்படுகின்றது. மலிந்த நூலால் இழக்கும் வாடிக்கையாளரோ எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அடுத்த ஆண்டு சீருடை வாங்கும் காலத்தில் அவர் வேறு கடைக்குச் செல்கின்றார். நெசவாளரும் அவர்தம் சங்கங்களும் நூல் வாங்கும்போது இவ்விரண்டாம் கணக்கையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.