கண்ணாடித் தொட்டியில் இறால் குஞ்சுகள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேச வேண்டிய மேடையில் யாம் இறாலைப் பற்றிப் பேச வந்துள்ளோம். சமையலைப் பற்றியன்று, வளர்ப்பைப் பற்றி. பகலெல்லாம் சரக்குக் கணக்கு எழுதிக் களைத்த கண்ணுக்கு, மாலையில் ஒரு சிறு தொட்டியின் முன் அமர்தல் எத்துணை இன்பம் என்பதை அனுபவித்தவரே அறிவர்.

ஒலவக்கோட்டுக் குடியிருப்பில் உள்ள எம் இல்லத்துத் தொட்டி 2 அடி நீளமுடையது. அதில் வாழ்வது செர்ரி இறால். தைவானும் சீனமும் அதன் தாயகம். ஆங்குள்ள ஓடைகளில் அது மங்கிய பழுப்பு நிறமே. சிவந்தவற்றையே தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இணைத்ததனால் வந்தது இச்செந்நிறம். முழு வளர்ச்சியிலும் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவே.

பெண் இறாலின் பிடரியில் மஞ்சள் நிறச் சேணம் போல் ஒன்று தெரியுமாயின், உள்ளே முட்டைகள் முதிர்கின்றன என்று பொருள். பின்னர் அது ஓடு கழற்றும். அன்று தொட்டியிலுள்ள ஆண்களெல்லாம் நிலைகொள்ளாமல் நீந்தித் திரியும். அதன்பின் 20, 30 முட்டைகளை வயிற்றுக் கால்களுக்கிடையே சுமந்து, ஓயாமல் விசிறியபடி தாய் இருப்பதைக் காணலாம். 3 அல்லது 4 வாரங்களில் வெளிவரும் குஞ்சு 2 மில்லிமீட்டர் அளவே. ஆயினும் மீசை முதல் வால் வரை தாயின் அச்சு!

எல்லா இறாலும் இவ்வாறோ எனின், அன்று. வேம்பநாட்டுக் காயலின் ஆற்றுக் கொஞ்சு பல்லாயிரம் முட்டை சுமந்தும் அதன் குஞ்சு நன்னீரில் பிழைப்பதில்லை. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்குமிடத்துக்குத் தாய் இறங்கி வருதல் வேண்டும். குஞ்சுகள் 11 பருவங்கள் கடந்தே இறாலுருப் பெறும். உப்பு நீரின் இத்தேவையை 1960களின் தொடக்கத்தில் பினாங்கில் ஷாவோ-வென் லிங் என்னும் அறிஞர் கண்டறிந்த பின்னரே பண்ணைகளில் அதனை வளர்க்க வழி பிறந்தது. பாசி தின்பதற்கென ஜப்பானியர் தகாஷி அமானோ புகழ்பெறச் செய்த இறாலும் அவ்வகையே. ஆதலின் கடையில் இனம் கேட்டு வாங்குங்கள்.

நிற்க. எம் தவற்றையும் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுக் கோடையில் தொட்டி நீர் விரைவில் வற்றும். குழாய் நீரில் குளோரின் உண்டாகையால், ஒரு நாள் வாளியில் வைத்திருந்தே ஊற்றுவது எம் வழக்கம். ஒருநாள் வாளியை நிரப்ப மறந்தோம். எம் அன்னையார், "பாவம், வாயில்லாச் சீவன், நல்ல தண்ணீராய் விடு" என்று, தாம் அருந்துவதற்காக இரவெல்லாம் வைத்திருந்த செப்புக் குடத்து நீரைக் கொடுத்தார். புளியிட்டு அப்போதுதான் துலக்கிய குடம். யாமும் ஊற்றினோம். மறுநாட் காலை 40க்கு மேற்பட்டவை மாண்டு கிடந்தன. அவற்றுள் முட்டை சுமந்தவை மூன்று.

இறாலின் குருதியில் உயிர்வளியைச் சுமப்பதே செம்புதான். நம் குருதியில் இரும்பு செய்யும் வேலை அது. ஆயினும் நீரில் கரைந்த செம்பு சிறிது மிகுந்தாலும் இறாலுக்கு நஞ்சு. இதனைப் பின்னரே படித்தறிந்தோம். மூத்த மகள் தேம்பி அழுதாள். அன்னையார் ஒன்றும் கூறவில்லை. மாலையில் யாம் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, தொட்டியருகே நீர் நிறைந்த புது மண்பானை ஒன்று இருந்தது.

பாசிக்கிடையே எஞ்சிய ஐந்திலிருந்தே இன்றுள்ள நூற்றுக்கு மேற்பட்டவை பெருகின. குஞ்சுகளுக்குத் தனி உணவு மிகுதியாக வேண்டுவதில்லை. இலையிலும் கல்லிலும் படியும் வழுவழுப்பே அவற்றுக்குச் சோறு. தொட்டியைப் பளிச்சென்று தேய்ப்பவர் குஞ்சுகளின் சோற்றைப் பறிப்பவராவர்! காற்றுக் குழாயுடன் இணைந்த பஞ்சு வடிகட்டியே போதும். வேறு வகை குஞ்சுகளை உறிஞ்சிவிடும். மீனைச் சேர்த்தால் குஞ்சு மிஞ்சாது. வெப்பம் 30 பாகையைக் கடந்தால் யாம் மூடியைத் திறந்து மின்விசிறி வைக்கின்றோம். குமுளியில் வாழும் எம் மைத்துனருக்கு அந்தக் கவலையே இல்லை, கொடுத்து வைத்தவர்.

பெருகிவிட்டனவென்று கல்பாத்திப் புழையிலோ மலம்புழைக் கால்வாயிலோ இவற்றை விடாதீர்கள். ஜெர்மனியிலும் போலந்திலும் வெந்நீர் கலக்கும் நீர்நிலைகளில் இவை நிலைத்துவிட்டன. நம் நாட்டு நீரோ ஆண்டு முழுதும் வெதுவெதுப்பானது. நம் ஓடைகளில் நமக்கென்றே சிறு இறால்கள் உண்டு.

குஞ்சுகள் வேண்டுவோர் ஞாயிறு மாலை எம் இல்லத்துக்கு வரலாம். மூடியிட்ட கண்ணாடிப் புட்டி கொண்டு வருக. செப்புச் செம்பு மட்டும் வேண்டா. எம் அன்னையார் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.